வாசலைத் திறந்து காட்டின நாள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



வழக்கமா இந்த மேடையில நான் வரவு செலவு அறிக்கைதான் படிப்பேன். நான் படிக்க ஆரம்பிச்சதுமே பாதிப் பேர் டீ குடிக்கப் போயிடுவீங்க. இந்த வருஷம் தலைவி அக்கா, "அறிக்கையை அச்சடிச்சுக் கொடுத்திடலாம், நீ உன் மனசுல இருக்கிறதைப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. அதனால ஏர்போர்ஸைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, கடைசியில கணக்குக்கே வந்து சேர்ந்துடுவேன்.

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், அகரம்தென் பக்கத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு விமானச் சத்தம் புதுசு இல்ல. நம்ம ஊர்ல அதை யாரும் விமானப்படைத் தளம்னு சொல்றதில்ல, "கேம்ப்"னுதான் சொல்லுவோம். நீளமான மதில், மேல முள்ளுக்கம்பி, வாசல்ல துப்பாக்கியோட ஆள். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அந்த மதில் ஓரமா நடக்கவே பயம். பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்கும்போது தலைக்கு மேல விமானம் போகும். டீச்சர் நிறுத்திடுவாங்க, சத்தம் அடங்கினதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். எங்க ஆயா, "சத்தம் வந்தா வயித்துப் பிள்ளைக்காரி வெளிய நிக்கக் கூடாது"ன்னு சொல்லும். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாத இடத்தைப் பத்தி ஊர்ல ஆயிரம் கதை இருக்கும் இல்லீங்களா? எங்களுக்கும் இருந்துச்சு.

இத்தனைக்கும் எங்க அம்மா தினமும் அந்த மதிலுக்கு உள்ளே போய் வந்தவங்க. அப்பாவுக்குக் கல் குவாரி வேலை. அம்மாவுக்கு கேம்ப்புக்குள்ள புல் அறுக்கிற வேலை. ஒரு ஒப்பந்தக்காரர்கிட்ட இருபது முப்பது பொம்பளைங்க இருந்தாங்க. பக்கத்து கேட் வழியாப் போவாங்க, பாஸைக் காட்டுவாங்க, தூக்குச் சட்டியைத் திறந்து காட்டுவாங்க, சாயங்காலம் அதே வழியா வருவாங்க. ஆளுக்கு ஒரு கட்டுப் புல் எடுத்துக்கலாம்னு விட்டிருந்தாங்க. எங்க வீட்டு மாடு அந்தப் புல்லைத்தான் தின்னுச்சு. "உள்ளே என்னம்மா இருக்கு?"ன்னு கேட்டா, "என்னத்தடி, புல்லு இருக்கு, வெயில் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. எதுக்காக அறுக்கிறோம்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல. அவங்களும் கேட்டதில்ல. கூலி வேலைதானே, நீளமா இருந்தா வெட்டணும், அவ்வளவுதான்.

இந்திய விமானப்படை ஆரம்பிச்சது 1932 அக்டோபர் 8. அதனால ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 8-ஐ விமானப்படை நாளாகக் கொண்டாடறாங்க. அதை ஒட்டி ஒரு நாள் ஊர்க்காரங்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் உள்ளே விடுவாங்க. எல்லா வருஷமும் விட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலுமா நான் மூணு தடவை போயிருக்கேன். அந்த மூணு நாளும் என் மனசுல ஒரே நாளா ஒட்டிக்கிடக்கு.

பள்ளிக்கூடத்துல ரெண்டு ரெண்டு பேரா வரிசை கட்டி நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. பெரிய கேட் வழியாவே உள்ளே விட்டாங்க. எனக்கு முதல்ல கண்ணுல பட்டது சுத்தம். ஒரு காகிதம் கிடக்கல, ஒரு காய்ஞ்ச இலை கிடக்கல. அடுத்தது ஓடுபாதை. நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டையே அகலம்னு நினைச்சுக்கிட்டு இருந்த எங்களுக்கு, அந்தத் தார் எங்கே முடியுதுன்னே தெரியல. வெயில்ல கானல் பறந்துச்சு.

விமானங்களை வரிசையா நிறுத்தி வெச்சிருந்தாங்க. கிரண்னு ஒரு சின்ன ஜெட். பெங்களூர்ல எச்.ஏ.எல். தொழிற்சாலையில நம்ம நாட்டிலேயே செஞ்சது. தீபக்னு முன்னாடி காத்தாடி சுத்துற ஒரு விமானம். சேட்டக்னு ஒரு ஹெலிகாப்டர். ஒரு பக்கம் பாராசூட்டைத் தரையில விரிச்சு வெச்சிருந்தாங்க. கல்யாணப் பந்தல் அளவு துணி, தொட்டுப் பார்த்தா பட்டுப் புடவை மாதிரி வழுக்குச்சு. எங்க வகுப்புல ஒரு பொண்ணு, "இதுல எத்தனை பாவாடை தைக்கலாம்"னு கணக்குப் போட ஆரம்பிச்சிட்டா. தீயணைப்பு வண்டி நுரை பீய்ச்சிக் காட்டுச்சு. போலீஸ் நாய் மாதிரி நாய்ங்க சொன்னபடி உட்கார்ந்துச்சு, எழுந்துச்சு. இன்னொரு பக்கம் பேண்டு வாசிச்சாங்க.

கிரண் விமானத்துக்குப் பக்கத்துல இரும்பு ஏணி போட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தரா ஏறி உள்ளே எட்டிப் பார்க்கலாம். நான் ஏறினப்போ கீழே நின்னு விளக்கம் சொன்னவர் நம்ம திருநெல்வேலிக்காரர். மத்தவங்க இந்தியில, இங்கிலீஷ்ல சொல்ல, இவர் ஒருத்தர்தான் தமிழ்ல சொன்னார். அதனால அந்த ஏணிக்கிட்ட மட்டும் கூட்டம் கலையவே இல்ல.

உள்ளே பார்த்தா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சீட்டு. ரெண்டு சீட்டுக்கும் தனித்தனியா ஓட்டுற பிடி. "ஏன் சார் ரெண்டு?"ன்னு கேட்டேன். "ஒண்ணு சொல்லிக்கொடுக்கிறவருக்கு, ஒண்ணு கத்துக்கிறவருக்கு. கத்துக்கிறவர் தடுமாறினா, பக்கத்துல இருக்கிறவர் உடனே பிடிச்சுக்குவார்"னு சொன்னார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். தாம்பரத்துல இருக்கிறது விமானம் ஓட்டப் புதுசாக் கத்துக்கிறவங்க பள்ளிக்கூடம் இல்லையாம். ஏற்கெனவே நல்லா ஓட்டத் தெரிஞ்ச பைலட்டுங்க, மத்தவங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுன்னு கத்துக்க வர்ற இடம். வாத்தியாருக்கு வாத்தியார் பள்ளிக்கூடம். 1954-லிருந்து அந்தப் பயிற்சி ஆசிரியர் பள்ளி தாம்பரத்துலதான் நடக்குது.

அன்னிக்கு எனக்கு அது பெருசாப் படல. பிற்பாடு நான் சமூக வளப் பயிற்றுநரா ஒவ்வொரு குழுவாப் போய் உட்கார்ந்தப்போதான் புரிஞ்சுது. வேலை தெரியறது ஒண்ணு, அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரியறது வேற ஒண்ணு. கணக்கு தெரிஞ்ச அக்கா நோட்டைப் பிடுங்கித் தானே எழுதிட்டா, மத்த பதினோரு பேரும் கத்துக்கவே மாட்டாங்க. பக்கத்துச் சீட்டுல உட்காரணும், பிடி அவங்க கையில இருக்கணும், தடுமாறினா மட்டும் நாம கை கொடுக்கணும்.

ஏணியிலிருந்து இறங்கும்போது இன்னொரு கேள்வி கேட்டேன். "பொம்பளைங்க இதை ஓட்டுவாங்களா சார்?" பின்னாடி நின்ன பையனுங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. "இப்போ இல்லம்மா. டாக்டரா வராங்க, நர்ஸா வராங்க. ஓட்டுறதுக்கு இன்னும் எடுக்கல"ன்னு உள்ளது உள்ளபடி சொன்னார்.

நான் சொல்றது எத்தனையோ காலத்துக்கு முந்தின கதை இல்ல. அந்தக் கேள்வியைக் கேட்ட நான் இன்னும் நரைக்குச் சாயம் பூசிக்கிட்டு உங்க முன்னாடி நிக்கிறேன். அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1994 செப்டம்பர் 2-ந் தேதி ஹரிதா கவுர் தியோல்னு ஒரு பொண்ணு விமானப்படை விமானத்தைத் தனியா ஓட்டினாங்க. அப்போ அவங்களுக்கு 22 வயசு. ரெண்டு வருஷத்துல, 1996 டிசம்பர்ல, விமான விபத்துல இறந்துட்டாங்க. ஆனா அவங்க போன வழி மூடல. 1999 கார்கில் போர்ல குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் ரெண்டு பேரும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினாங்க. 2016 ஜூன் 18-ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூணு பேரும் முதல் பெண் போர் விமானிகளா பொறுப்பேத்தாங்க. "இன்னும் எடுக்கல"ன்னு சொன்ன பதில் பொய்யாகறதுக்கு ஆறேழு வருஷம்தான் ஆச்சு.

இப்போ இங்க உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கு ஒரு தகவல். தேசிய பாதுகாப்பு அகாடமியில 2022-லிருந்து பெண் பிள்ளைகளும் சேர்றாங்க. உச்ச நீதிமன்றம் 2021-ல் பரீட்சை எழுத வழி திறந்துவிட்டுச்சு. பிளஸ் டூ படிப்பை வெச்சே எழுதலாம். ஆனா விமானப்படைக்குன்னா பிளஸ் டூவில இயற்பியல், வேதியியல், கணக்கு இருக்கணும். அக்னிவீர்வாயு வேலைக்கும் பெண்களை எடுக்கிறாங்க. அது நாலு வருஷ வேலை, முடிஞ்சதும் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் தொடர்ந்து வெச்சுக்குவாங்க. அதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பத்தாவது முடிச்சதும், "பொண்ணுக்குக் கணக்கு எதுக்கு, கஷ்டம்"னு வேற குரூப்ல சேர்த்துடறோமே, அன்னிக்கே சில வாசல் சத்தமில்லாம மூடிக்குது. போறதும் போகாததும் பிள்ளை இஷ்டம். மூடற கை நம்ம கையா இருக்க வேண்டாம்.

இப்போ எங்க அம்மா கதைக்கு வரேன்.

மூணாவது தடவை போனப்போ ஞாயித்துக்கிழமை. குடும்பத்தோட வரலாம்னு சொன்னதால அம்மாவும் வந்தாங்க. நல்ல புடவை கட்டிக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டு, முதல் தடவையா பெரிய கேட் வழியா உள்ளே வந்தாங்க. பாஸ் கேட்பாங்களோன்னு முந்தானை முடிச்சைத் தடவிக்கிட்டே வந்தாங்க. யாரும் கேட்கல.

ஒரு கொட்டகையில படம் வரைஞ்ச அட்டை மாட்டி வெச்சிருந்தாங்க. பருந்து, காக்கா, கொக்கு, ஆட்காட்டிக் குருவின்னு பறவைப் படமா இருந்துச்சு. விமானத்துக்கும் குருவிக்கும் என்ன சம்பந்தம்னு நின்னோம். அங்கே இருந்த அதிகாரி சொன்னதை ஒருத்தர் தமிழ்ல சொன்னார். கிரண் விமானத்துக்கு ஒரே ஒரு இஞ்சின். அது காத்தை உறிஞ்சித்தான் ஓடும். மேலே ஏறும்போதோ இறங்கும்போதோ ஒரு பருந்து உள்ளே மாட்டினா இஞ்சின் நின்னு போகலாம். உள்ளே ரெண்டு உயிர், கீழே நம்ம வீடுங்க. பறவை ஏன் ஓடுபாதைக்கு வருது? புல் வளர்ந்தா பூச்சி வரும், எலி வரும், அதைத் தின்ன பறவை வரும், எலிக்குப் பின்னாடி பாம்பும் வரும். "அதனாலதான் புல்லை அளவா வெட்டி வைக்கிறோம். பைலட்டு பத்திரமா இறங்கறதுக்கு அந்த வேலையும் ஒரு காரணம்"னு சொன்னார்.

எங்க அம்மா ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வர்ற வழியில அப்பாகிட்ட, "நான் புல்லுதான் அறுக்கிறேன்னு நெனச்சேன்"னு மட்டும் சொன்னாங்க. அடுத்த நாளிலிருந்து கூலி ஏறல, வெயில் குறையல, கேட்டும் அதே பக்கத்து கேட்தான். ஆனா கூட வேலை செய்யற பொம்பளைங்ககிட்ட, "ஏய், ஓரத்துல விட்டுட்டியே, அங்கேதான் எலி பொந்து வைக்கும்"னு சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. ஒப்பந்தக்காரர் ரெண்டு வாரம் கூலி பாக்கி வெச்சப்போ, "சும்மா கிடக்கிற புல்லு இல்லீங்க இது, பிளேனு இறங்கற இடம். எங்க வேலை நின்னா உங்களைத்தான் கேட்பாங்க"ன்னு முன்னாடி போய் நின்னு கேட்டது எங்க அம்மாதான். அந்த வாரமே பாக்கி வந்துச்சு. தன் வேலை எதுக்குன்னு தெரிஞ்சவளுக்கு வாய் தானா வரும்.

பறவை விஷயத்துல இன்னிக்கு நமக்கும் ஒரு பங்கு இருக்கு. நம்ம குழுப் பெண்கள் பல பேர் ஊராட்சியில தூய்மைக் காவலரா இருக்கீங்க. கோழிக்கடைக் கழிவையும் மீன் கழிவையும் ஏரிக்கரையில கொட்டினா பருந்து வட்டம் போடுது இல்லையா? அந்தப் பருந்துக்கு எது ஏரி, எது ஓடுபாதைன்னு தெரியாது. விமான நிலையத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள பறவை வர்ற மாதிரி குப்பை கொட்டறதும், ஆடு மாடு அறுத்துப் போடறதும் கூடாதுன்னு விமான விதிகள்லயே இருக்கு. மீனம்பாக்கமும் நமக்குத் தூரமில்ல. அதனால தள்ளுவண்டி தள்ளுற நம்ம சகோதரியைப் பார்த்து யாராவது "குப்பைக்காரம்மா"ன்னு கூப்பிட்டா, இந்தக் கணக்கைச் சொல்லுங்க. நீங்க மூடி போட்டு எடுத்துட்டுப் போற ஒரு வாளிக் கழிவுல ஒரு விமானத்தோட பாதுகாப்பும் இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். 2015 டிசம்பர் மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2 காலை வரைக்கும் ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. மீனம்பாக்கம் விமான நிலையமே மூடிக்கிடந்தப்போ, தாம்பரம் கேம்ப்பிலிருந்துதான் ஹெலிகாப்டர்கள் போய் வந்துக்கிட்டு இருந்துச்சு. மொட்டை மாடியில நின்னவங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டாங்க. ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை மாடியிலிருந்து தூக்கிக்கிட்டு வந்தாங்க, அந்தம்மாவுக்கு இரட்டைப் பெண் குழந்தை பிறந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சோம். "வயித்துப் பிள்ளைக்காரி வெளிய நிக்கக் கூடாது"ன்னு சொன்ன எங்க ஆயா அப்போ உயிரோட இல்ல. இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன்.

விமானக் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் 6-ந் தேதி மெரினாவுல நடந்த காட்சிக்கு லட்சக்கணக்கான ஜனம் வந்துச்சு. பகல் 11 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் உச்சி வெயில். அன்னிக்கு 5 பேர் இறந்துபோனாங்க. ஆசையா பார்க்கப் போனவங்க. அதனால குழுவா போங்க, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி, தொப்பியோ குடையோ, பிள்ளை சட்டைப் பையில போன் நம்பர் எழுதின சீட்டு, இதெல்லாம் இல்லாம கிளம்பாதீங்க. வயசானவங்களையும் கைக்குழந்தையையும் கூட்டத்து நடுவுல நிறுத்தாதீங்க. எல்லாரும் கிளம்பற நேரத்துல கிளம்பாம அரை மணி நேரம் நிழல்ல உட்கார்ந்துட்டு வாங்க.

இப்போ கணக்குக்கு வரேன்.

நம்ம தமிழ்நாட்டுல சுய உதவிக் குழு 1989-ல் தருமபுரியில தொடங்குச்சு. அதுக்கு முன்னாடி பேங்க் வாசல் நமக்கு கேம்ப் வாசல் மாதிரிதான் இருந்துச்சு. உள்ளே யாரு இருக்கா, என்ன கேட்பாங்க, திட்டுவாங்களோன்னு வெளியிலேயே நின்னோம். பன்னிரண்டு பேரா சேர்ந்து உள்ளே போனோம், பயம் போச்சு. இன்னிக்கு நாமளே ஒரு கூட்டமைப்பா இருக்கோம். நமக்குன்னு அலுவலகம், பீரோ, பூட்டு எல்லாம் இருக்கு. நான் கேட்கறேன், இங்க இருக்கிற உறுப்பினர்கள்ல எத்தனை பேர் அந்த பீரோவுக்குள்ள இருக்கிற பேரேட்டைக் கையில வாங்கிப் பார்த்திருக்கீங்க? கையைத் தூக்குங்க.

பாருங்க, எண்ணிடலாம் போல இருக்கு.

பஞ்ச சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். தவறாம கூட்டம், தவறாம சேமிப்பு, உள் கடன், தவணை தவறாம திருப்பிக் கட்டறது, அஞ்சாவது, கணக்குப் புத்தகம் சரியா எழுதறது. எழுதறது சரிதான், நான் எழுதறேன். ஆனா எழுதினதை நீங்க பார்க்கலைன்னா, அது மதிலுக்கு உள்ளே இருக்கிற ஓடுபாதை மாதிரிதான். உள்ளே எல்லாம் சுத்தமாவே இருக்கலாம். ஆனாலும் வெளியில ஆயிரம் கதை சுத்தும். "அந்தக் குழுவுக்கு மட்டும் எப்படிக் கடன் கிடைச்சுது", "வட்டிப் பணம் எங்க போச்சு"ன்னு குழாயடியில பேசறது என் காதுலயும் விழுது. நான் கோபப்படல. பார்க்காதவங்க அப்படித்தான் பேசுவாங்க. நானும் கேம்ப்பைப் பத்தி அப்படித்தான் பேசினேன்.

அதனால செயற்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கேன். வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திறந்து வைக்கணும். மேஜை மேல ரொக்கப் புத்தகம், பேரேடு, கடன் பதிவேடு, வங்கிப் பாஸ்புக் எல்லாம் விரிச்சு வைக்கணும். ஒவ்வொரு மேஜைக்கும் ஒருத்தர் நின்னு நம்ம தமிழ்ல விளக்கணும். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் படிச்சுக் காட்டணும். யார் என்ன கேட்டாலும், அந்தத் திருநெல்வேலிக்காரர் மாதிரி, சிரிக்காம, உள்ளது உள்ளபடி பதில் சொல்லணும். தெரியாத கேள்வியை நோட்டுல எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துல பதில் கொடுக்கணும். அன்னிக்குப் பெண் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. அம்மா கையெழுத்து எந்தப் பக்கத்துல இருக்குன்னு அவங்க தேடிப் பார்க்கட்டும்.

தலைவி அக்காவும் செயலாளர் அக்காவும் சம்மதம் சொல்லிட்டாங்க. பொதுக்குழு ஒத்துக்கிட்டா, வர்ற தை மாசமே முதல் நாளை வெச்சுக்கலாம். டீயும் சுண்டலும் என் குழுவோட செலவு. முதல் மேஜையில நானே நிக்கிறேன், முதல் கேள்வியை என்னைப் பத்தியே கேளுங்க.